கூடக் கிடைத்த ஒரு மணி நேரம்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் லோவெலை நான் அடித்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் அடிக்குக் கை தானாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது அடிக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

லோவெல் எங்கள் மாவட்டத்தின் பனி தள்ளும் வண்டியை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். மினசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பனி என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. புயல் அடித்து ஓய்ந்த நாட்களில் ஊர் எழுந்திருக்கும் முன்பே அவர் பாதிச் சாலைகளைத் திறந்துவிட்டு வந்திருப்பார். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். சாலையோரத்தில் கார் புதைந்து கிடந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, சங்கிலி கட்டி இழுத்துவிட்டு, உள்ளே இருப்பவருக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து காபியும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். நாற்பத்தாறு வருடத் திருமணத்தில் என்னிடம் குரலை உயர்த்தியது மூன்றே தரம். பொறுமை எங்கள் வீட்டில் அவருடைய இலாகா. கோபம் என்னுடையது.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், கொளுத்தும் வெயிலில், கம்பளிக் கோட்டையும் காதுமூடித் தொப்பியையும் மாட்டிக்கொண்டு பனி தள்ளப் போகிறேன் என்று கிளம்பினார். அப்படித்தான் நோய் தெரிய வந்தது. பிறகு பெயர்கள் போயின. பிறகு கழிப்பறை எந்தப் பக்கம் என்பது போனது. கடைசியாக நான் போனேன். சில நாள் அவருக்கு நான் அக்கா, சில நாள் ஆஸ்பத்திரிப் பெண், பல நாள் யாரோ.

மறதி நோய்க்காரர் இருக்கிற வீட்டில் கடிகாரத்தை மாற்றுவது என்றால் என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சட்டப்படி வருடத்துக்கு இரண்டு முறை ஊரே கடிகாரத்தை மாற்றும்: வசந்தத்தில் முள்ளை முன்னால் தள்ளி ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், நவம்பரில் பின்னால் தள்ளித் திருப்பித் தருவார்கள். லோவெலின் உடம்புக்கு இந்தச் சட்டம் தெரியாது. அவர் வெளிச்சத்தைப் பார்த்து வாழ்கிறவர். ஆறு மணிக்கு எழுகிறவர், முள்ளைப் பின்னால் தள்ளிய மறுநாள் ஐந்துக்கே எழுந்து நிற்பார். உதவிக்கு வரும் ரோக்சான் என்ற பெண்ணோ கடிகாரப்படி ஒன்பதுக்குத்தான் வருவாள். மாலையில் ஆறு மணிக்கு வந்த இருட்டு திடீரென்று ஐந்து மணிக்கு வரும். இருட்டினால் அவருக்குப் பயம் வரும். பயம் வந்தால் திட்டுவார், கதவை உதைப்பார், தன் வண்டிச் சாவியை நான் திருடிவிட்டதாகச் சொல்வார். ஆக, காலையில் ஒரு மணி நேரம் கூட, மாலையில் ஒரு மணி நேரம் கூட. பழக்கம் படிய மூன்று வாரம் ஆகும்.

அந்தச் சனிக்கிழமை மளிகைக் கடையில் பணம் வாங்கும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ராத்திரி கூட ஒரு மணி நேரம் தூங்கலாம், ஆர்டிஸ். ஜாலிதான்!"

அவள் மேல் தப்பில்லை. பால் டப்பாவை எடுத்து அவள் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தவள், கடிகாரத்தை மாற்றவே மறந்துபோனேன்.

மறுநாள் எங்கள் சமையலறைக் கடிகாரப்படி ஐந்தரைக்கு அவர் எழுந்தார். படுக்கை நனைந்திருந்தது, நனைந்தது மட்டும் இல்லை. நான் சுத்தம் செய்தேன். அவரைக் குளிப்பாட்டினேன். சட்டையை மாட்ட விடவில்லை, கையை மடக்கிக்கொண்டார். மாட்டினேன், கழற்றினார். திரும்ப மாட்டினேன். ஏழரை மணிக்கு ஒருவழியாக மேஜையில் உட்கார வைத்துக் கஞ்சியை ஊட்டும்போது, பக்கத்திலிருந்த காபிக் கோப்பையை ஒரு தட்டுத் தட்டினார். கொதிக்கிற காபி என் மணிக்கட்டில் விழுந்தது. அப்போதுதான் அடித்தேன்.

அடி விழுந்ததும் அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. தெரியாத வீட்டுக்குத் தப்பாக வந்துவிட்டவர் பார்க்கிற மாதிரி, மரியாதையாக.

"மேடம், நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?"

அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் இரண்டாவது அடி.

அவர் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் அது அவர் நினைவிலிருந்து போய்விட்டது. கன்னத்தில் மட்டும் நான்கு விரல் சிவப்பாக நின்றது.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்குக் கிளம்பினேன். பக்தியினால் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பக்தி என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். எங்கள் ஊரில் லூத்தரன் சபைக் குடும்பத்தில் பிறந்தால் ஞானஸ்நானம், வயது வந்ததும் திடப்படுத்தல், கல்யாணம், ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் காபி என்று வரிசையாக வந்துவிடும். யாரும் என்னை "நம்புகிறாயா?" என்று கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. லோவெல் நோயில் விழுந்த பிறகு நான் ஞாயிறு தவறாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். ஆராதனை நேரத்தில் பெண்கள் முறைபோட்டு அவரைக் கீழ்த்தளத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரம் என் கையை யாரும் பிடித்து இழுக்கமாட்டார்கள்.

காரில் போகும்போது மன்னிப்புக் கேட்டேன்.

"லோவெல், உன்ன அடிச்சுட்டேன். என்ன மன்னிச்சிடு."

"பரவாயில்லம்மா," என்றார். "நீங்க புதுசா வேலைக்குச் சேந்தவங்களா? மொதல்ல எல்லாரும் தடுமாறத்தான் செய்வாங்க. போகப் போகப் பழகிடும்."

காரில் இருந்த கடிகாரம் எட்டு ஆகப் பத்து நிமிடம் என்று காட்டியது. அதை மாற்ற எனக்குத் தெரியாததால் வருடத்தில் பாதி நாள் பொய்தான் சொல்லும். நான் பொருட்படுத்தவில்லை. ஒன்பது மணி ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பினால், ஆலயத்தின் முன் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. ஓரின் ஸ்டென்ஸ்ருடின் பழைய டிரக்.

ஓரின் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். பசு வளர்த்துப் பால் கறந்து ஓய்ந்தவன். குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்கும் கொதிகலனை மூட்டிவிடுவது அவன் வேலை. இரண்டு வருடமாக நான் அவனோடு பேசுவதில்லை. சபையார் எல்லாரும் இருக்கும்போது, கையில் காபியோடு நின்று, "அவன முதியோர் இல்லத்துல விட்டுடு ஆர்டிஸ். உன்னால முடியாது," என்று சொல்லியிருந்தான். "உன் பொண்டாட்டியத் தள்ளிவிட்ட மாதிரியா?" என்று நானும் திருப்பிக் கொடுத்திருந்தேன். அவன் மனைவி விவியனுக்கும் இதே நோய்தான்.

அவன் படியில் நின்று பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன, பாஸ்டரையே முந்திட்டே?"

"மணி ஒம்பதாகப் போகுது. ஒருத்தரையும் காணோமே?"

"எட்டுகூட ஆகல. முள்ளத் திருப்பி வைக்கலையா நீ?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அந்த உறைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம். அந்தக் காலையில் என்னிடம் பாக்கி இருந்த பொறுமை பத்து நிமிடத்துக்குத்தான் போதும். அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஓரின் லோவெலைக் காரிலிருந்து இறக்கினான். கன்னத்தைப் பார்த்தான்.

"இது என்ன?"

"நான்தான்."

"எதால?"

"கையால."

தலையை ஆட்டிக்கொண்டான். "வெளிய நின்னா ரெண்டு பேரும் வெறச்சுப் போவீங்க. உள்ள வாங்க. உள்ளயும் குளிர்தான், காத்து மட்டும் இல்ல."

உள்ளே, பெண்கள் சனிக்கிழமை பெஞ்சுகளைத் துடைத்து மெழுகு போட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஓரின் ஒரு புத்தகத்தை எடுத்து லோவெல் கையில் கொடுத்து, பெஞ்சின் முதுகில் இருக்கும் புத்தகத் தட்டில் எப்படிச் செருகுவது என்று காட்டினான். லோவெல் செருகினார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தட்டிவிட்டு நகர்ந்தார். ஒரு பெஞ்சு முடிந்ததும் நிமிர்ந்து நின்றார்.

"தம்பி, இந்த ரோடு ஆச்சு. அடுத்தது எது?"

"பதினாலாம் நம்பர் ரோடு சார்," என்றான் ஓரின்.

நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓரின் என் பக்கத்தில் வந்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமல், லோவெலைப் பார்த்தபடியே பேசினான்.

"விவியன நான் ரூம்ல வச்சுப் பூட்டிட்டுப் போவேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"மாடு கறக்கணும்ல. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். கதவத் தட்டிக்கிட்டே இருப்பா. தொழுவத்துல ரேடியோவச் சத்தமா வச்சுக்குவேன். இதே மாதிரி கடிகாரம் மாத்துன வாரம்தான். மாட்டுக்கும் நேரம் புரியாது, அவளுக்கும் புரியாது. நான் திரும்பி வந்து பாத்தா, ஜன்னல் கண்ணாடிய ஒடச்சுக் கையெல்லாம் ரத்தம். அதுக்கப்புறந்தான் இல்லத்துல விட்டேன். ஊருக்குச் சொன்னது வேற. டாக்டர் சொன்னார்னு சொன்னேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இப்பச் சொன்னேனே."

தன் பூட்ஸைப் பார்த்தபடி, "அன்னைக்கு உன்கிட்ட அப்படிப் பேசுனது உன்னக் கொற சொல்ல இல்ல," என்றான். "பயந்து போய்ச் சொன்னேன். சொல்லத் தெரியல."

அவன் எழுந்து போனான். லோவெல் முடித்துவிட்ட முதல் பெஞ்சுகளிலிருந்து புத்தகங்களைச் சத்தமில்லாமல் உருவித் தள்ளுவண்டியில் திரும்பப் போட்டான். லோவெலுக்கு வேலை தீரவே கூடாது என்று. ஒருவர் வைக்க, ஒருவர் எடுக்க, அப்படியே போய்க்கொண்டிருந்தது.

நான் அங்கே உட்கார்ந்து முதல் முறையாக, புத்தகத்தில் இல்லாத ஒரு ஜெபத்தைச் சொன்னேன். ஜெபம் என்றுகூட அதைச் சொல்லக்கூடாது.

"அவருக்கு ஞாபகம் இல்ல. உமக்கு இருக்குமில்ல?"

அதுதான் என் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. என்னை மன்னிக்க வேண்டிய மனிதர் அதை மறந்துவிட்டார். "பரவாயில்லம்மா" என்று அவர் சொன்னது வேறு யாருக்கோ. நடந்தது என் தலைக்குள் மட்டும் இருந்தது, சாகிற வரைக்கும் அங்கேயே கிடந்து அழுகப்போகிறது. அதை முழுசாக அறிந்த இன்னொருவர் எனக்கு வேண்டியிருந்தது. தண்டிப்பதற்காகவாவது.

பதில் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. குழாய்களில் சூடு ஏறும்போது டங் டங்கென்று கேட்குமே, அந்தச் சத்தம் மட்டும்தான். ஆனால் நான் காத்திருந்தேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். இல்லாத ஒருவருக்காக யாரும் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள். என் விசுவாசம் என்று நான் சொல்லக்கூடியது அந்த அளவில்தான் ஆரம்பித்தது. இன்றைக்கும் அதைவிட ரொம்பப் பெரிதாகிவிடவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்தார்கள். பாவ அறிக்கை நேரத்தில் எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். இத்தனை வருடமாக அதைச் சொல்லும்போது மதியச் சமையலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். அன்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன். முடிந்ததும் வாசலில் பாஸ்டர் மெரிடித் கை குலுக்க நின்றாள். என் மகன் வயதுகூட இருக்காது அவளுக்கு. அவள் கையை விடாமல் சொன்னேன்.

"இன்னைக்குக் காலைல லோவெல அடிச்சேன்."

ஆறுதலாக ஏதாவது வசனம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "இன்னைக்குச் சாயங்காலம் உங்ககூட யார் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்ல."

என் பின்னால் நின்ற ஓரின், "நான் போறேன்," என்றான்.

திங்கட்கிழமை ரோக்சானிடமும் சொன்னேன். அவள் வெளுத்துப்போனாள். "இத நான் மாவட்டத்துக்கு எழுதித்தான் ஆகணும், ஆர்டிஸ். தெரிஞ்சும் சொல்லலைன்னா என் வேலை போயிடும்," என்றாள். "எழுது," என்றேன். புதன்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து என் சமையலறையில் உட்கார்ந்து, எத்தனை அடி, எந்தக் கை, இதற்கு முன்பு உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். சிறு ஊர், ஒன்றும் தங்காது. அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்தில் நான் உட்கார்ந்த மேஜையில் இருந்த இரண்டு பெண்கள் காபியை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். அரிசோனாவில் இருக்கும் என் மகன் டேரில் போனில் பேசினான். முதலில், "எங்க ஊர்ல கடிகாரமே மாத்தறதில்லம்மா, இந்தத் தொல்லையே இல்ல," என்றான். விஷயத்தைச் சொன்னதும் அடுத்த இரண்டு ஞாயிறு அவனிடமிருந்து போன் வரவில்லை.

ஓரின் மட்டும் தினமும் நாலே காலுக்கு வந்தான். லோவெலுக்குக் கோட்டு மாட்டி, டிரக்கில் ஏற்றி, அவர் பனி தள்ளிய சாலைகளிலேயே சுற்றிக் கூட்டிவருவான். இருட்டும்போது லோவெலின் கண்ணுக்கு முன்னால் முன்விளக்குகளும் சாலையும் இருக்கும். அதில் அவருக்குப் பயம் இல்லை. ஆறு மணிக்கு வரும்போது, "எல்லாத்தையும் தெறந்தாச்சு," என்று அறிவித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அந்த நேரத்தில் நான் பாத்திரம் கழுவுவேன், சில நாள் தரையில் படுத்துக் கிடப்பேன், சில நாள் ஜெபிப்பேன். மலையளவு பொறுமை வேண்டும் என்று ஜெபிக்கவில்லை. ஆறிலிருந்து ஏழு வரை அவரை அடிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்பேன். ஏழு மணிக்கு, ஏழிலிருந்து எட்டு வரை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டிசம்பரில் ஒருநாள் அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி அவரைப் பார்த்துக் கத்தினேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவரை நாற்காலியில் விட்டுவிட்டுக் கோட்டு இல்லாமல் முற்றத்தில் போய் நின்றேன், விரல் மரத்துப்போகும் வரை. ஆனால் கை ஓங்கவில்லை. ஓங்க வந்தபோதெல்லாம் பின்னால் கட்டிக்கொண்டேன். பொறுமை என்பது லோவெலுக்கு இருந்ததுபோல ஒரு குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு அது கேட்டு வாங்க வேண்டிய பண்டம்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. சில நாள் வரவும் இல்லை.

பிப்ரவரியில் அவர் விழுங்குவதை மறந்தார். தண்ணீரும் புரை ஏறியது. நெஞ்சில் சளி கட்டியது. நர்ஸ் வீட்டுக்கு வந்து, இனி நோவு தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் என்றாள். டிரக் சவாரி நின்றது. ஓரின் அதே நேரத்துக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எந்தெந்தச் சாலையில் எவ்வளவு பனி என்று சொல்லிக்கொண்டிருப்பான். லோவெல் கேட்டாரா என்று தெரியாது.

மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். சனிக்கிழமை மாலையே நாற்காலி மேல் ஏறி நான் முள்ளைத் திருப்பினேன். அந்த மனிதரிடம் மிச்சம் இருந்ததே சில நாட்கள். அதிலும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று, இறங்க மனமில்லாமல் நாற்காலி மேலேயே நின்றேன்.

வியாழக்கிழமை காலை, அவர் முகம் துடைக்க வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வரும்போது போய்விட்டிருந்தார். இத்தனை மாதம் ஒவ்வொரு மணி நேரமாகக் கேட்டுக் கேட்டுப் பெற்ற பிறகு, அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் எனக்குத் தரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆண்டவரைத் திட்டினேன். சத்தம் போட்டு, பெயர் சொல்லி. திட்டிக்கொண்டிருக்கும்போதே, ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை என்பதும் தெரிந்தது. பிறகு வெந்நீர் ஆறுவதற்குள் லோவெலின் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அடக்கத்துக்கு டேரில் வந்தான். குழியண்டை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஜை மாறி உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி ஹாட்டிஷ் என்ற, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடும் எங்கள் ஊர்ப் பதார்த்தத்தைத் துணி சுற்றி எடுத்து வந்தாள். இன்னொருத்தி வரவேயில்லை.

இப்போது எங்கள் சபையில் லவோன் ஆனெ என்ற பெண்ணுக்கு அதே நோய். அவள் கணவனை ஆராதனைக்கு மேலே அனுப்பிவிட்டுக் கீழ்த்தளத்தில் அவளோடு உட்காருகிறேன். பிரசங்கம் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. போன ஞாயிறு அவள் தன் கைப்பையை எட்டுத் தடவை தேடினாள்.

"என் பைய நீதான எடுத்த?"

"இல்ல லவோன். இதோ உன் மடியிலதான் இருக்கு."

"பொய் சொல்ற. நீ பொல்லாதவ."

"ஆமா," என்றேன். "கொஞ்சம் பொல்லாதவதான். பையத் தெறந்து பாரு, எல்லாம் இருக்கா?"

அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜை மேல் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.